ஒரகடத்திலிருந்து கிண்டி எவ்வளவு தூரம்?

1794-இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்த கிண்டி பொறியியல் கல்லூரி ஒரு முனையில். ஒரே திட்டத்தின் கீழ் 18,720 பெண் தொழிலாளர்களைத் தங்கவைக்கும் வல்லம் வடகால் விடுதி மறுமுனையில். நடுவே நாற்பது கிலோமீட்டர் சாலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கே நின்றால் திருவண்ணாமலைப் பேச்சும் தர்மபுரிப் பேச்சும் தென்காசிப் பேச்சும் ஒருசேரக் காதில் விழும். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஆளை இறக்கிவிட்டு, வேலை முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, காதில் பாட்டு. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயது. பிளஸ் டூ முடித்தவர், ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோ வாங்கியவர், பி.இ. முடித்தும் வேலை அமையாமல் டிரெய்னியாகச் சேர்ந்தவர் என எல்லோரும் ஒரே பஸ்ஸில் வருகிறார்கள்.

கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என்று இந்தச் சாலைகளின் இருபுறமும் உருவாகாத பொருள் குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998-இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010-லும், டெய்ம்லர் லாரி ஆலை 2012-லும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013-லும் வந்தன. முப்பது ஆண்டுகளுக்குள் ஏரிப்பாசனக் கிராமங்கள் உலக வரைபடத்தில் ஏறிவிட்டன.

இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் 'கிண்டி' என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அது பஸ் மாறும் இடம். கொஞ்சம் பேருக்கு, கட்-ஆஃப் அரை மதிப்பெண்ணிலோ ஐம்பது மதிப்பெண்ணிலோ எட்டாமல் போன கல்லூரி. அந்தக் கல்லூரியின் கதையை இந்தச் சாலையில் நிற்பவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் அது அவர்களைப் போன்ற பிள்ளைகளை வைத்துத்தான் தொடங்கியது.

அளவுச் சங்கிலியோடு பிறந்த பள்ளி

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் நிலம் குவிந்துகொண்டிருந்தது. அளந்து வரைபடம் போட்டால்தான் வரி வசூலிக்கலாம், படை நடத்தலாம், கால்வாய் வெட்டலாம். அளக்கத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சம். ஐரோப்பாவிலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு தாங்காது. கம்பெனியின் வானியலாளராகவும் அளவையாளராகவும் இருந்த மைக்கேல் டாப்பிங் ஒரு யோசனை சொன்னார்: மதராஸிலேயே பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆட்களை உருவாக்கலாம். 1794 மே மாதத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் நில அளவைப் பள்ளி தொடங்கியது. ஐரோப்பாவுக்கு வெளியே தோன்றிய மிகப் பழைய தொழில்நுட்பக் கல்வி நிலையங்களில் ஒன்று என்று இன்றுவரை பேசப்படுவது இந்தப் பள்ளிதான்.

முதலில் சேர்ந்தவர்கள் ஒரு சிலரே. ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்திலிருந்து அப்ரண்டிஸாக எடுக்கப்பட்டவர்கள். ஐரோப்பியத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்து, இரு தரப்பிலும் இடமில்லாமல் நின்ற பிள்ளைகள் அவர்களில் பலர். கம்பெனிக்குத் தேவைப்பட்டது குறைந்த கூலிக்குக் கணக்காக வேலை செய்யும் கை. அந்தப் பையன்களுக்குக் கிடைத்தது வடிவியல், திரிகோணமிதி, வானியல் கருவிகளைக் கையாளும் பழக்கம். கம்பெனி கேட்டதைவிடப் பெரிய சொத்து அது.

எவ்வளவு பெரியது என்பதைக் கிண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பரங்கிமலையில் பார்க்கலாம். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் அங்கே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை நேராக நீட்டி, மட்டம் பார்த்து, ஒரு முனையைக் குறித்துக்கொண்டு, அடுத்த நூறு அடிக்கு நகர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானியை வைத்துப் பார்த்து, ஒவ்வோர் அளவையும் கணக்கில் திருத்த வேண்டும். இப்படி ஏழரை மைல். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் திரிகோணமிதி அளவைக்கு அந்த ஏழரை மைல்தான் அடித்தளம். லாம்டனுக்கு நீண்டகாலம் வலக்கையாக இருந்த ஜோஷுவா டி பென்னிங், மதராஸ் அளவைப் பள்ளியில் பயின்ற அப்ரண்டிஸ். அநாதை இல்லத்துப் பையன்களுக்காகத் தொடங்கிய ஒரு வகுப்பு எட்டே ஆண்டில் ஒரு கண்டத்தின் அளவை வேலைக்கு ஆள் கொடுத்தது.

பள்ளிக்கு முதலில் பொறுப்பேற்ற ஜான் கோல்டிங்ஹாம் மதராஸ் வானாய்வகத்தின் தலைவர். இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் அழைக்கும் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. வானம் பார்த்தவர், கட்டடம் கட்டியவர், பையன்களுக்கு அளவை கற்பித்தவர் எல்லாம் ஒரே ஆள். துறைகளுக்கு நடுவே சுவர் எழும்பாத காலம் அது.

சிவப்புக் கட்டடத்துக்குள்

1858-இல் அளவைப் பள்ளி சிவில் இன்ஜினீயரிங் பள்ளி ஆயிற்று. அடுத்த ஆண்டே கல்லூரி. பொதுப்பணித் துறைக்கு அணையும் சாலையும் பாலமும் கட்ட ஆள் வேண்டியிருந்த காலம். சேப்பாக்கத்தில் இருந்த கல்லூரிக்கு இடம் போதாமல், 1920-இல் அது கிண்டிக்கு வந்தது. அப்போது எழுந்த செங்கல் கட்டடம் இன்றும் வளாகத்தின் முகம். மாணவர்களுக்கு அது 'ரெட் பில்டிங்'. நீளவாக்கில் விரிந்து கிடக்கும் சிவப்புச் சுவர், நடுவில் மணிக்கூண்டு, உள்ளே ஓடும் நெடுந்தாழ்வாரம்.

சர்தார் படேல் சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே வருபவர் முதலில் உணர்வது அந்தத் தாழ்வாரத்தின் குளிர்ச்சியை. சுவர் தடிமனாக இருக்கிறது. கூரை எட்டாத உயரத்தில் இருக்கிறது. வெயில் வகுப்பறைச் சுவரில் நேராக விழாதபடி தாழ்வாரம் வாங்கிக்கொள்கிறது. கடற்கரை நகரத்தின் புழுக்கத்தைக் கருவி எதுவும் இல்லாமல் சமாளிக்கத் தெரிந்தவர்கள் கட்டியது. இதே வளாகத்தில் பிறகு எழுந்த கான்கிரீட் அடுக்குகளும் கண்ணாடிச் சன்னல் வைத்த ஆய்வகங்களும் குளிர்சாதனம் நின்றால் தவித்துப்போகும். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டையும் பத்து நிமிட நடையில் ஒப்பிட்டுப் பார்க்க முடிவதே ஒரு பாடம். 1957-இல் தொடங்கிய கட்டடக்கலைப் பள்ளி இதே வளாகத்தில் இருப்பது அவர்களுக்கு வாய்த்த நல்ல காலம்.

பார்க்க வருபவர்கள் மணிக்கூண்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்தக் கல்வியின் உயிர் பட்டறையில் இருக்கிறது. முதலாம் ஆண்டில், கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பெண் உட்பட எல்லோரும் பட்டறைப் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். ஃபிட்டிங் பாடம் இப்படி: கையளவு இரும்புத் தகட்டை வைஸில் இறுக்க வேண்டும். அரத்தை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் எடையை முன்னால் செலுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அரம். அப்புறம் குறித்து, ஹாக்ஸாவால் வெட்டி, இரண்டு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று ஆடாமல் பொருந்தும்வரை தேய்ப்பு. உள்ளங்கையில் கொப்புளம் வந்த பிறகுதான் 'டாலரன்ஸ்' என்று புத்தகத்தில் படித்ததன் பொருள் விளங்கும்.

ஒரகடத்தில் கேஜ் வைத்துப் பாகம் சோதிக்கும் ஐ.டி.ஐ. பையனுக்கு இது தெரிந்த பாடம். தினமும் நூற்றுக்கணக்கான முறை அதே வேலையை அவன் செய்கிறான். கிண்டி மாணவனுக்கு அந்தப் பட்டறையிலிருந்து படியேறி மேலே போக ஒரு வழி இருக்கிறது: வரைபடம், கணக்கு, பொருளியல்பு, வடிவமைப்பு. ஒரகடத்துப் பையனின் படி பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. கைத்திறனில் பார்த்தால் அவன் ஒருபடி மேலேகூட இருக்கலாம். அடுத்த பாடத்தை எடுத்துச் சொல்ல அவனுக்கு ஆள் இல்லை.

குழந்தையை விட்டுவந்த மாணவி

இந்தக் கல்லூரிக்குள் யார் வரலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அவற்றில் மிகத் துணிச்சலான பதில் 1940-இல் வந்தது.

அய்யலசோமயாஜுல லலிதா பதினைந்து வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டவர். பதினெட்டு வயதில் மகள் பிறந்து நான்கே மாதத்தில் கணவர் இறந்துபோனார். அந்தக் காலத்து விதவைக்கு என்ன வாழ்க்கை காத்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின் பொறியியல் பேராசிரியர். மகள் படிக்க விரும்பினார்; தந்தை துணை நின்றார். முதல்வர் கே.சி. சாக்கோவும், மாகாணத்தின் கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டேதமும் அனுமதி கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் மின் பொறியியல் மாணவியாக அவர் சேர்ந்தார். குழந்தையைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு விடுதியில் தங்கிப் படித்தார்.

தனியாக ஒரு பெண் எத்தனை நாள் இருப்பார் என்று யோசித்த கல்லூரி, பெண்களுக்கும் இடம் உண்டு என்று அறிவித்தது. பி.கே. த்ரேசியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். அவர்கள் ஓராண்டு பின்னால் வந்தாலும், உலகப் போர் காரணமாகப் படிப்புக்காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முடித்தார்கள். பட்டச் சான்றிதழ் அச்சடிக்கும்போது பெண் ஒருவர் வாங்குவார் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. ஆணைக் குறிக்கும் சொல்லை மையால் அடித்துவிட்டு, பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தயாராக இருந்த படிவத்தைவிட எதிரே நின்ற மாணவி முக்கியம் என்று ஒரு நிர்வாகம் முடிவெடுத்த தருணம் அது.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி முடித்தார். பின்னாளில் கல்கத்தாவில் ஒரு மின் கருவி நிறுவனத்தில் நீண்டகாலம் வேலை பார்த்தார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் அனைத்துலகப் பெண் பொறியாளர் – அறிவியலாளர் மாநாட்டுக்குப் போய்வந்தார். த்ரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

வல்லம் வடகால் விடுதியில் தங்கியிருக்கும் எந்தப் பெண்ணிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள். விடுதி, ஊரில் விட்டுவந்த குடும்பம், கல்யாணப் பேச்சு, சம்பாதித்தாக வேண்டிய கட்டாயம் எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. லலிதாவுக்காகத் திறந்த கதவு மட்டும்தான் அவருக்குப் புதிது.

பாடம் மாறியது, கல்லூரி நிலைத்தது

கிண்டி வளாகத்தைச் சுற்றி வந்தால் கட்டடங்களின் வரிசையே ஒரு பொருளாதார வரலாறு. மின் பொறியியல் பட்டப்படிப்பு 1930-இல் வந்தது. போர் முடிந்த 1945-இல் தொலைத்தொடர்பும் நெடுஞ்சாலையும் பாடமாயின. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் 1944-இல் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. வேதிப் பொறியியலும் துணித் தொழில்நுட்பமும் அங்கே வளர்ந்தன. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி., விமானமும் மின்னணுவும் கற்பித்தது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அங்கே படித்தவர்கள். 1978-இல் இவை எல்லாம் சேர்ந்து அண்ணாவின் பெயரால் பல்கலைக்கழகம் ஆயின. பிறகு ராமானுஜன் கணினி மையம் வந்தது. தொலையுணர்வு நிறுவனம் வந்தது.

அந்தத் தொலையுணர்வு நிறுவனத்தின் முன்னால் கொஞ்சம் நிற்கலாம். செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏரியின் பரப்பு எவ்வளவு சுருங்கியது, கடலோரம் எவ்வளவு அரித்தது என்று கணிக்கப் பயிலும் இடம் அது. 1794-இல் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல்வரப்பில் நடந்த பையன்களும் நிலத்தைத்தான் அளந்தார்கள். 2009 ஏப்ரல் 20 அன்று பல்கலைக்கழகமே தயாரித்த அனுசாட் விண்ணுக்குப் போனது. நாற்பது கிலோ எடை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது.

பழைய மாணவர்களின் வாழ்க்கையும் இதையே சொல்கிறது. வர்கீஸ் குரியன் கிண்டியில் படித்தது இயந்திரப் பொறியியல்; நாட்டுக்குக் கொடுத்தது பால் கூட்டுறவு. ஆர். நரசிம்மன் படித்தது தொலைத்தொடர்பு. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியாவின் தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். ராஜ் ரெட்டி 1958-இல் வாங்கியது சிவில் பட்டம்; செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக 1994-இல் டூரிங் விருது பெற்றார். ஒரு துறையில் ஆழமாகக் கற்றவர் இன்னொரு துறைக்குப் போய் அங்கும் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இவர்களைவிடச் சான்று வேண்டாம்.

230 ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கல்லூரி உயிரோடு இருப்பதன் காரணம் இதுதான். தேவை மாறும்போது பாடத்தை மாற்றியது. பழைய கட்டடத்தை இடிக்காமல் பக்கத்தில் புதியதைக் கட்டியது. நாம் பெருமைப்பட வேண்டிய பழமை இந்தப் பழக்கத்தில் இருக்கிறது.

மூடிய ஆலை சொல்லும் பாடம்

இப்போது ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புவோம். 2006-இல் நோக்கியா ஆலை இங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது அது ஒரு திருவிழா. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் முதல்முறையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். தங்கைக்குப் படிப்பு, வீட்டுக்கு ஓடு மாற்றி கான்கிரீட், அம்மாவுக்கு மருத்துவம் என்று அந்தச் சம்பளம் பல ஊர்களில் வேலை செய்தது. பொத்தான் வைத்த போனைத் தொடுதிரை போன் தோற்கடித்தது. வரித் தகராறு வந்தது. நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாறியபோது இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று கதவு மூடப்பட்டது. தொடங்கி ஒன்பது ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை.

பிற்பாடு அந்த ஆலையை சால்காம்ப் நிறுவனம் வாங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. அங்கே நின்று வேலை பார்த்தவர்களில் பலருக்கு அப்படி அமையவில்லை. பணித்தொகை கிடைத்தது, புதிதாகக் கற்கும் இடம் கிடைக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட போனின் ஒரு குறிப்பிட்ட பாகத்தைப் பொருத்தும் திறமை, அந்தப் போன் வழக்கொழிந்த அன்றே மதிப்பிழந்தது. அதுவரை இரவு பகலாக உழைத்ததில் அவர்கள் கற்றிருந்த ஒழுங்கு, கூர்மை, தவறு கண்டுபிடிக்கும் கண் ஆகியவற்றை எடுத்து, அடுத்த படிக்கான பாடமாக மாற்றித்தர எந்த வளாகமும் அவர்கள் பக்கத்தில் இல்லை.

இன்று அதே வட்டாரத்தில், சுங்குவார்சத்திரம் பக்கம், உலகத்தின் விலையுயர்ந்த போன்கள் தயாராகின்றன. வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டுப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, சக தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை நாடு அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. சிப்காட் நிறுவனம் வல்லம் வடகாலில் கட்டிய மாபெரும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 13 கட்டடங்கள், 18,720 பேருக்கு இடம். நல்ல கூரையும் நல்ல சாப்பாடும் போராடிப் பெற்ற உரிமைகள். அவை கிடைத்த பிறகு அடுத்த கேள்வியைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது: அந்த விடுதியில் வகுப்பறை எங்கே?

பாலாற்றங்கரைக் கல்வெட்டு

தொழில் நடக்கும் இடத்துக்கும் கல்வி நடக்கும் இடத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்க வேண்டுமென்று எந்த விதியும் இல்லை. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையில் போனால், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துப் பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. கோயிலோடு சேர்ந்து ஒரு கல்லூரி, மாணவர் விடுதி, பதினைந்து நோயாளிகள் படுக்கும் மருத்துவமனை எல்லாம் இயங்கியதை அது சொல்கிறது. ஆசிரியருக்கு எவ்வளவு நெல், மருத்துவருக்கு எவ்வளவு, மருந்து என்னென்ன கையிருப்பு என்பது வரை கணக்கு இருக்கிறது. மாணவர்களின் எண்ணெய்க் குளியலுக்குக்கூட ஒதுக்கீடு உண்டு. படிப்பவர் வயிறும் உடம்பும் நலமாக இருந்தால்தான் படிப்பு ஏறும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வட்டாரத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கல்லூரி வேதமும் இலக்கணமும் ஓதியவர்களுக்கானது. கோயில் நிலத்தை உழுது நெல் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. கதவு குறுகலாக இருந்தது.

அந்தக் கதவைப் பற்றிக் கவலைப்பட்டவர் பிறந்ததும் இதே மண்தான். 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், குருவிடம் பலமுறை அலைந்து பெற்ற மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோயிலின் உயரத்தில் ஏறி ஊருக்கே சொன்னதாக வைணவ மரபு கூறுகிறது. தான் நரகம் போனாலும் கேட்ட அத்தனை பேரும் கரையேறட்டும் என்பது அவர் நியாயம். அவர் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய தொழிற்பேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது.

வகுப்பறை வரட்டும் சாலைக்கு

தமிழ்நாடு கதவைத் திறக்கத் தெரியாத மாநிலம் இல்லை. பொறியியல் நுழைவுத்தேர்வை 2007-இல் நீக்கியபோது கிராமத்துப் பிள்ளைகள் கல்லூரிக்குள் பாய்ந்தார்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் கல்விக்கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. 2017 வரை கவுன்சலிங் கிண்டி வளாகத்திலேயே நேரில் நடந்தது. முந்தின நாளே பஸ் ஏறி, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி, மர நிழலில் காத்திருந்த அப்பா அம்மாக்களை அந்த வளாகம் ஆண்டுதோறும் பார்த்தது. 2018 முதல் எல்லாம் இணையத்தில் முடிந்துவிடுகிறது. அலைச்சல் மிச்சம். ஆனால் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தச் சிவப்புக் கட்டடத்தைக் கண்ணால் பார்க்கும் ஒரே வாய்ப்பும் அதோடு போயிற்று.

பதினெட்டு வயதில் தவறவிட்டவர்களுக்கான கதவு இன்னும் சரியாகத் திறக்கவில்லை. வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்கு மாலைநேரப் பகுதிநேரப் பொறியியல் படிப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. அப்படிப் படித்துப் பொறியாளரானவர்கள் மூத்த தலைமுறையில் ஏராளம். அந்த ஏற்பாடு ஷிப்ட் முறையில், ஓவர்டைமோடு வாழும் பிள்ளைகளுக்குப் பொருந்தும்படி மாற வேண்டும். ஒரு வாரம் காலை, அடுத்த வாரம் இரவு என்று மாறுபவரால் தினமும் ஆறு மணிக்கு நகரத்துக்கு வந்து வகுப்பில் உட்கார முடியாது.

செய்யக்கூடியவை எளிமையானவை. அண்ணா பல்கலைக்கழகமும் சிப்காட்டும் சேர்ந்து ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ ஒரு கற்கை மையம் தொடங்கலாம். ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் நடத்தினால் எந்த ஷிப்ட்காரரும் தவறவிட மாட்டார். லைனில் வேலை பார்த்த ஆண்டுகளைப் பட்டறைப் பயிற்சிக்கான மதிப்பெண்ணாகக் கணக்கில் சேர்க்கலாம். அரம் பிடிக்கத் தெரிந்தவருக்கு மறுபடி அரம் கற்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும்படி படிப்பைத் துண்டு துண்டாக அமைக்கலாம். கல்யாணம், பிரசவம், கம்பெனி மாற்றம் எது வந்தாலும் முடித்த பாடம் கணக்கில் நிற்க வேண்டும். வாரத்தில் நான்கு மணி நேரத்தைப் படிப்புக்கென்று சம்பளத்தோடு விட்டுக்கொடுக்க ஆலைகள் முன்வர வேண்டும். வரிச்சலுகையும் நிலமும் கேட்டுவாங்கும் நிறுவனங்களிடம் அரசு பதிலுக்குக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லாத கோரிக்கை இது.

கூடவே ஒரு சின்ன வேண்டுகோள். ஆண்டுக்குச் சில ஞாயிற்றுக்கிழமைகளிலாவது கிண்டி வளாகம் இந்தத் தொழிலாளர்களை அழைத்துச் சுற்றிக்காட்ட வேண்டும். சிவப்புக் கட்டடத் தாழ்வாரம், பட்டறை, தொலையுணர்வு ஆய்வகம், பக்கத்துக் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் என ஒரு நாள் போதும். கம்பெனி பஸ்கள் இருக்கின்றன, நாற்பது கிலோமீட்டர்தான். தான் படிக்கப்போகும் இடத்தைக் கண்ணால் பார்த்தவருக்கு விண்ணப்பம் போடும் துணிவு தானாக வரும். வழிகாட்டியாக வரும் மாணவர்களும் தங்கள் எதிர்கால ஆலையில் யார் வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார்கள். பொறியாளரும் தொழிலாளரும் முதல்முறை சந்திப்பது தகராறு மேசையில் என்றில்லாமல் வகுப்பறையில் என்று ஆனால், தொழிலுக்கும் அது நல்லது.

2044-இல் கிண்டி கல்லூரிக்கு 250 வயது. விழா எடுப்பார்கள், மலர் வெளியிடுவார்கள், புகழ்பெற்ற பழைய மாணவர்களின் பட்டியல் போடுவார்கள். இன்று வல்லம் வடகால் விடுதியில் இருக்கும் இருபது வயதுப் பெண் அப்போது நாற்பதை நெருங்கியிருப்பார். ஆலையின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராகவோ, சொந்தமாக உதிரிபாகம் தயாரிக்கும் தொழிலதிபராகவோ, அதே கல்லூரியின் பேராசிரியராகவோ அந்தப் பட்டியலில் அவர் பெயர் வர வேண்டும். அதற்குத் தேவையான முதல் வகுப்பை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.